மெட்டில்லாத நான்கு தந்திகள்

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள், ஜன்னத் பீவி. இப்படி நுனியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு முதுகு வலிக்கிறது. சாமான் எடுக்க வந்தவர்போல் இருக்கிறீர்கள்.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனத்துக்குள் ஓடுகிறது. நான் சொன்னது, “காப்பி ஆறுது, குடிங்க” என்பது மட்டும்.

நீங்கள் டம்ளரைத் தொடவில்லை. முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறீர்கள். என் விரல்களும் சும்மா இல்லை. புடவை மடிப்புக்குள் அவை ஏதோ செய்துகொண்டிருக்கின்றன. இரண்டு தடவை எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். இரண்டு தடவை திறந்தேன்.

“நான் ஒண்ணும் பெருசா கேக்கலக்கா. அன்னிக்குக் காலைல எர்த் கம்பி குழாயில கட்டித்தான் இருந்துச்சு, நான் பாத்தேன். இந்த ஒரு வார்த்த. வெள்ளிக்கிழம மாயவரம் கோர்ட்டுல வந்து சொல்லிட்டீங்கன்னாப் போதும். மில்லுக்கார வூட்டம்மாவே சொன்னா ஜட்ஜு கேப்பாருன்னு வக்கீலு சொல்றாரு.”

உங்கள் கணவர் ஜெகபர் அலி இந்தச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் வயர்மேன். மைக் செட்டும் அவருடையதுதான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம், எங்கள் ரைஸ்மில்லில் மருதையன் கரண்ட் அடித்து இறந்தான். எர்த் கம்பியைச் சரியாகக் கட்டாமல் விட்டதாக உங்கள் கணவர்மேல் வழக்கு. தீர்ப்பு எதிராகப் போனால் இரண்டு வருஷம்வரை உள்ளே இருக்க வேண்டும்.

“இப்பல்லாம் டார்ச் லைட்ட அமுக்கவே பயப்படுறாருக்கா. கட்டினேனா, கட்டலியான்னு அவருக்கே சந்தேகம் வந்துருச்சு. ராவும் பகலும் கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு.”

அந்தச் சந்தேகம் அவருக்கு வேண்டாம். அவர் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார். அதை மற்ற எல்லோரையும்விட நான் நன்றாக அறிவேன். ஆனால் இதை முதலிலிருந்து யோசித்தால்தான் நியாயம் புரியும்.

மருதையன் எங்கள் பண்ணையில் ஏர் ஓட்டிய வீரையனின் மகன். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். கும்பகோணத்தில் தொழிற்படிப்புக்குச் சேர்ந்தவன், அதைப் பாதியில் விட்டுவிட்டு மாயவரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஒட்டிக்கொண்டான். அங்கே கித்தார் வாசிக்க ஏற்கெனவே ஆள் இருந்தது. மூலையில் யாரும் தொடாமல் கிடந்த, கீழ் ஸ்தாயி மட்டும் பேசும் நாலு தந்திப் பாஸ் கித்தாரை இவன் கையில் கொடுத்தார்கள். கல்யாணக் கச்சேரிகளில் டிரம்ஸுக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சம் படாத இடத்தில் நிற்பான். பாடுகிறவர்களுக்குக் கைதட்டுவார்கள். இவன் வாசித்ததாகவே யாருக்கும் தெரியாது.

1979 கோடையில் என் கணவரிடம் வந்து நின்றான். அவர்கள் தெருவுக்கு அப்போது இன்னும் கரண்ட் வந்திருக்கவில்லை. ஆம்பிளிபையர் பெட்டி வைத்துப் பயிற்சி செய்ய மில்லில் ஒரு மூலை வேண்டும் என்றான்.

என் கணவர் சிங்காரவேலு சிரித்தார். “ஏண்டா, நாலு தந்திய வெச்சுக்கிட்டு டும்மு டும்முன்னு தட்டுறதுக்கா ஒங்கப்பன் ஒன்னயப் படிக்க வெச்சான்? நாலு மாட்டப் புடிச்சு ஓட்டலாம்ல?”

“மாடு நாலும் ஐயாவோடதுங்க. தந்தி நாலும் என்னோடதுங்க.”

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அரவை இல்லாத மத்தியான நேரத்தில் வாசித்துக்கொள் என்றார்.

மில் எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டியிருக்கிறது. முதல் நாள் அவன் வாசித்ததை நான் காதால் கேட்கவில்லை. சமையல்கட்டில் பித்தளைக் குடத்தின்மேல் வைத்திருந்த கரண்டி தானாக நடுங்கியது. கையை வைத்துப் பார்த்தேன். குடமும் நடுங்கியது. கொல்லை வழியாகப் போய் எட்டிப் பார்த்தேன். நெல் ஊறுகிற தொட்டியில் தண்ணீரின்மேல் சின்னச் சின்ன வளையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே தந்தியைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தான்.

நான் கல்யாணத்துக்கு முன்பு திருவையாற்றில் பதினோரு வருஷம் வீணை கற்றுக்கொண்டவள். இந்த வீட்டுக்கு வந்தபோது வீணையும் கூட வந்தது. வந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் வாசித்தேன். முடித்ததும் மாமனார், “ஆச்சாம்மா? எலை போடலாமா?” என்று கேட்டார். அவருக்குக் கோபமில்லை, பசி. அதற்குப் பிறகு நான் உறையைக் கழற்றவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், என்மேல் யாரும் இரக்கப்பட வேண்டாம் என்பதுதான்.

அன்றிலிருந்து மத்தியானங்களில் தவிட்டு மூட்டைமேல் போய் உட்கார்ந்துகொள்வேன். அவன் இந்தப் பக்கம் திரும்பாமல் வாசிப்பான். செருப்பை கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு வருவான். அவர்கள் தெருக்காரர்கள் யாரும் எங்கள் வளாகத்துக்குள் செருப்போடு வந்ததில்லை. அப்படி ஒரு விதி எங்கும் எழுதியிருக்கவில்லை. நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

ஒருநாள், “கை சுருக்குச் சுருக்குங்குதும்மா” என்றான். உங்கள் கணவரை வரவழைத்தோம். அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். மில் சுவருக்கு வெளியே குழி தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, பெட்டியிலிருந்து ஒரு செம்புக் கம்பியை இழுத்துக் குழாயில் கட்டினார்.

“பொட்டி பழசு தம்பி. கரண்ட்டு கசியுது. இந்தக் கம்பி இருக்கிற வரைக்கும் மண்ணு குடிச்சுக்கும். இது கழண்டுச்சுன்னா நீ குடிப்ப.”

“கள்ளுக்கடைய மூடிட்டு இத ஊத்திக் குடுக்குறீங்களா பாய்?”

“குடிச்சவன் எவனும் வந்து ருசி சொன்னதில்ல. வெளாட்டுப் பேச்சு வேணாம்.” பிறகு என்னிடம் திரும்பி, “வாரம் ரெண்டு தடவ அந்தக் குழியில உப்புத் தண்ணி ஊத்தச் சொல்லுங்கம்மா. காஞ்சுறக் கூடாது,” என்றார்.

யாரிடமும் சொல்லாமல் நானே ஊற்றினேன். இரண்டரை வருஷம். துளசிக்கு ஊற்றுவதைக்கூட மறந்திருப்பேன், இதை மறந்ததில்லை. என்னைப் பற்றி நீங்கள் ஏதாவது முடிவுக்கு வரும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் தம்பி காதர் மைதீன் சிங்கப்பூரிலிருந்து கேசட் அனுப்ப ஆரம்பித்தது அதற்கு அடுத்த வருஷம். அட்டையில் பெயர்களைத் தமிழில் எழுதி அனுப்புவார். ஜாஸ் என்று ஒரு சங்கீதம். அதில் பாஸ் கித்தார் வாசிக்கும் பெரிய ஆட்கள். மருதையன் டேப்ரிக்கார்டரை நெல் மூட்டைமேல் வைத்துத் தட்டிவிடுவான்.

“இந்தாளு பேரு ஜாக்கோ பாஸ்டோரியஸும்மா.”

“பேரே ஒரு தாள ஆவர்த்தனத்துக்கு வருதே.”

அவன் சிரித்ததில் தவிடு பறந்தது.

ஸ்டீவ் ஸ்வாலோ என்று ஒருவர். நிறுத்தி வைத்து வாசிக்கிற பெரிய மர பாஸைக் கைவிட்டு இதற்கு மாறியவராம். ஒவ்வொரு சொல்லையும் யோசித்துவிட்டுப் பேசுகிறவர்போல் வாசித்தார். ஸ்டான்லி கிளார்க் என்று ஒருவர். அவர் கையில் பாஸ் பின்னால் நிற்கவே மறுத்தது. ஆனால் எங்களை உட்காரவிடாமல் செய்தவர் அந்த ஜாக்கோதான். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் தாவவில்லை. நடுவில் இருக்கிற வழி முழுவதையும் தொட்டுக்கொண்டு போனார். மருதையன் மூன்று மாதம் முயன்றான். விரல் ஒவ்வொரு தடவையும் கித்தார்க் கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளில் இடறியது.

நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நாள் கேட்டேன். பிறகு சொன்னேன். “அவரு கித்தார்ல மெட்டு இல்ல மருதையா.”

“மெட்டு இல்லாம கித்தார் உண்டாம்மா?”

“பிடில்ல இருக்கா? கோட்டு வாத்தியத்துல இருக்கா? பிடுங்கிருக்காரு.”

உங்கள் தம்பிக்குக் கடிதம் போட்டான். ஆமாம், அந்த ஆள் மெட்டுகளைத் தானே பிடுங்கிவிட்டுப் பள்ளத்தை அடைத்துவிட்டார் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள் எனப் பதில் வர இரண்டு மாதமாயிற்று. அதுவரை நாங்கள் காத்திருக்கவில்லை. கடிதம் போட்ட மறுநாளே குறடு வைத்து எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. பள்ளத்தை எதை வைத்து அடைப்பது? வீணை வாசித்தவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தேன்மெழுகும் கரித்தூளும் குங்கிலியமும் காய்ச்சி நானே ஊற்றினேன். தைமாதக் குளிரில் அருமையாக இருந்தது. சித்திரை வந்ததும் தகரக் கூரையின் கீழே மெழுகு இளகித் தந்தியில் ஒட்டிக்கொண்டது. அவன் விரல்களை விரித்துக் காட்டினான்.

“பாருங்கம்மா. கரி மூட்டை தூக்குனவன் மாரி.”

சுரண்டி எடுத்துவிட்டு அரால்டைட் போட்டு அடைத்துக் கொடுத்தது உங்கள் கணவர். “மொதல்லயே என்னக் கேட்டிருக்கலாம்ல? சங்கீதம் படிச்சவங்களுக்கு ஒட்டுறது தெரியாது,” என்றார்.

அதற்குப் பிறகு வந்த ஆறு மாதத்தைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சஹானா ராகத்தில் காந்தாரம் என்று ஒரு ஸ்வரம் உண்டு. நிற்கவும் நிற்காது, நழுவவும் நழுவாது. என் குரு ஏழு வருஷம் என் விரலைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தும் எனக்கு அது வரவில்லை. நான் வாயால் பாடிக் காட்ட, மருதையன் அதை அந்தக் கித்தாரில், எத்தனையோ ஸ்தாயி கீழே, மண்ணுக்கடியிலிருந்து எடுப்பதுபோல் ஒருநாள் எடுத்துவிட்டான். தொட்டித் தண்ணீரில் ஒரே ஒரு வளையம் எழுந்து, மெதுவாக விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கு எனக்கு இது என்னுடையது என்று தோன்றியது. அந்த நினைப்பில் தப்பாக எதுவும் இல்லை. காதுதான் என்னுடையது, கை அவனுடையது. இரண்டும் சேர்ந்துதானே அது.

குழுவில் அதை யாரும் விரும்பவில்லை. “டேய், டும்முன்னு அடிச்சுட்டு நில்லுடா. ஏண்டா வாழப்பழத் தோல்ல ஏறுனவன் மாரி வழுக்குற?” என்று கத்துவார்களாம். ஆனால் லீவில் ஊருக்கு வந்த உங்கள் தம்பி அவன் வாசிப்பை கேசட்டில் பதிந்துகொண்டு போய் சிங்கப்பூரில் ஒரு ஓட்டலில் வாசிக்கும் குழுவுக்குப் போட்டுக் காட்டினார். அவர்கள் ஆளை அனுப்பு என்றார்கள். நான் தடுக்கவில்லை. போய் வா என்றேன். அந்தச் சங்கீதம் எங்கே இருந்தாலும் இருக்கட்டும் என்று நினைக்கிற அளவுக்கு எனக்கு மனசு இருந்தது.

ஜன்னல் அடித்துக்கொள்கிறது. எழுந்து கொக்கியை மாட்டிவிட்டு வந்தேன். நீங்கள் அழுகிறீர்கள். அழாதீர்கள் என்று சொன்னேன். இதை நிஜமாகவே சொன்னேன்.

பாஸ்போர்ட்டுக்கு ஒரு சான்றிதழ் வேண்டி மருதையன் கிராம அலுவலரிடம் போனான். அங்கேதான் எல்லாம் கெட்டது. பழைய கணக்குப்பிள்ளை இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. பரம்பரைக் கணக்குப்பிள்ளைகளையெல்லாம் அரசாங்கம் 1980இல் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. புதிதாக வந்த பையன் அசலூர். புத்தகத்தைத் திறந்தான், இருந்ததை இருந்தபடி படித்துவிட்டான். மருதையன், தகப்பனார் வீரையன், நன்செய் ஐந்து ஏக்கர்.

இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. எழுபதில் நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கர் என்று குறைத்தபோது இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்ததுதான். மிச்ச நிலத்தை நம்பிக்கையான ஆட்கள் பேரில் எழுதி வைத்தார்கள். என் கணவர் வீரையன் மகன் பேரில் ஐந்து ஏக்கர் எழுதினார். பையனுக்கு அப்போது பதின்மூன்று வயது. வீரையன் என்ன காகிதம் என்று கேட்காமல் கைநாட்டு வைத்தார். பிறகு அதே நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டினார். நம்பிக்கையான ஆள்.

மறுநாள் மத்தியானம் மருதையன் கித்தாரைத் தொடாமல் நின்றான்.

“அம்மா, நானும் மிராசுதாருதானாம். சொல்லவேயில்லியே நீங்க.”

நான் தவிட்டு மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினேன்.

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.” எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். சிரிப்புப்போல ஒன்று முகத்தில் இருந்தது. “பன்னெண்டு வருசமா மகன் நெலத்துல அப்பன் கூலிக்கு ஏர் ஓட்டிருக்கான். இத எந்தத் தாளத்துலம்மா வாசிக்கிறது?”

அடுத்த நாள் அவன் செருப்போடு வந்தான். சாதாரண ரப்பர் செருப்பு. கேட்டிலிருந்து மில் வாசல்வரை சளக் சளக் என்று நடந்து வந்தான். என் கணவர் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பார்த்துவிட்டு எடைக்கல்லை மாற்றி வைத்தார். சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டார்.

“ஒன் பாட்டுக்காரன் செருப்புச் சத்தம் கேட்டியா? அது என்ன ராகம்?”

“எனக்குத் தெரியல.”

“எனக்குத் தெரியும். வெவசாயச் சங்கத்துக்காரங்க கொடியோட வயல்ல எறங்குறதுக்கு முன்னாடி நீயே அவன்ட்டப் பேசு. ஒன் பேச்சத்தான் கேப்பான்.”

நான் பேசினேன். நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு நிலத்தில் என்ன இருக்கிறது? சிங்கப்பூருக்கு எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டேன்.

“போகலம்மா. கும்பகோணத்துக்காரன் ஒருத்தன் கித்தாரையும் பொட்டியையும் கேட்டிருக்கான். தள்ளிவிட்டா ஒரு ஜோடி மாடு புடிக்கலாம். ஆடிக்குள்ள ஒழவு ஆரம்பிச்சுரணும்.”

எனக்கு முதலில் காதில் விழவில்லை. அதாவது விழுந்தது, சொற்களாக விழவில்லை.

“நீ பாஸ் வாசிக்கிறவன், மருதையா.”

“நெலம் இல்லாதப்ப வாசிச்சேன்.”

“ஜாக்கோ இதெல்லாம் விட்டுட்டு நடவு நடப் போவாரா?”

“அவருக்கு அஞ்சு ஏக்கரு நெலத்த எழுதி வெச்சு ஏமாத்திருந்தா அவரும் எறங்கிருப்பாரு.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். “கோச்சுக்காதீங்கம்மா. வீணைய எடுங்க. ஒங்களுக்கும் கை இருக்குல்ல. எத்தன நாளைக்கு என் கையால வாசிப்பீங்க?”

மரியாதையாகத்தான் சொன்னான். குறை சொல்ல முடியாது. அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து எல்லா அறைகளையும் பெருக்கினேன். பெருக்கிய அறையையே மறுபடி பெருக்கினேன். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அந்தக் காந்தாரம் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். விரல் தடித்துவிடும். ஒரு வருஷத்தில் மறந்துவிடும். தன்னிடம் என்ன இருந்தது என்பதே அவனுக்குத் தெரியாமல் போய்விடும். ஒரு மனிதன் தன் உயரத்திலிருந்து இறங்குவதை யாராவது ஒருவர் தடுத்தாக வேண்டும். அந்தக் காந்தாரத்தைக் கேட்டவள் நான் ஒருத்திதான். எனவே அது என் பொறுப்பு.

பெட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை முழுசாக வாசித்துக் காட்டு என்று சொல்லியனுப்பினேன். வருகிறேன் என்றான்.

அன்று காலையில் உங்கள் கணவர் வந்திருந்தார். விற்கப்போகிற பெட்டி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மருதையனே வரச் சொல்லியிருந்தான். கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டுக் குழாயில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். மொத்தம் நாலு சுற்று. ஜன்னலிலிருந்து நான் எண்ணினேன்.

பதினோரு மணிக்கு அவித்த நெல் இறங்கியது. வெளிக்களத்தில் இடமில்லை என்று மில் தரையிலேயே பரப்பச் சொன்னேன். வேலைக்கு இருந்த ஞானாம்பாள், “உள்ள கொட்டுனா எப்படிம்மா காயும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கொட்டு என்றேன். கொட்டினாள். ஆவி பறந்தது. சிமெண்டுத் தரை முழுவதும் ஈரம். அவளைச் சாப்பிட அனுப்பினேன். பிறகு வெளியே போய்க் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாலு சுற்றையும் பிரித்தேன். நகக்கண்ணில் கொஞ்சம் கிழித்துவிட்டது. தானாக நழுவியதுபோல் கம்பி நுனியைக் குழாயின்மேல் சாய்த்துவிட்டு வந்தேன்.

அவன் செருப்போடு வந்தான். நிலைப்படிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தான்.

“செருப்பக் கழட்டிட்டு வா மருதையா,” என்றேன்.

அவன் முகம் மாறியது. இத்தனை நாளும் அதைத்தான் எதிர்பார்த்து வந்தவன்போல் என்னைப் பார்த்தான்.

“எனக்காகச் சொல்லல. நெல்லு காயுது. மிதிச்சுக்கிட்டு வருவியா?”

அவன் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். “அய்யய்யோ, கவனிக்கலம்மா,” என்று இரண்டு செருப்பையும் வெளியே விட்டான். குனிந்து, பாதத்தை வைப்பதற்கு முன்னால் நெல்லைக் கையால் ஒதுக்கி வழி செய்துகொண்டு உள்ளே வந்தான். எனக்காக அவன் அதைச் செய்திருக்க மாட்டான், ஜன்னத். நெல்லுக்காகச் செய்தான். அவன் அப்படித்தான் செய்வான் என்பது எனக்குத் தெரியும்.

கித்தாரை மாட்டிக்கொண்டான். பெட்டியின் சுவிட்சை நான்தான் போட்டேன்.

ஒரே ஒரு ஸ்வரம் வந்தது. அவன் அதை விடவில்லை. விட முடியவில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். கை தந்தியோடு இறுகியிருந்தது. அந்தக் கீழ் ஸ்தாயி சத்தம் தரை வழியாக வந்து என் உள்ளங்காலில் ஏறியது. நான் ரப்பர் செருப்புப் போட்டிருந்தேன். தொட்டித் தண்ணீர் முழுவதும் நடுங்கியது. மெயின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஸ்வரம் நடுவில் அறுந்துவிடக் கூடாது என்று நான் காத்திருந்தேன். அது தானாக முடிந்த பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிட்டேன்.

நான் செய்தது இரண்டு காரியம். ஒரு கம்பியைப் பிரித்தேன். நெல்லை மிதிக்காதே என்று ஒருவனிடம் சொன்னேன்.

போலீஸ்காரர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். “வயர் சமாச்சாரம் ஏதாச்சும் ஒங்களுக்குத் தெரியுமாம்மா?” பெண்களிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். “எனக்கென்னங்க தெரியும்” என்றேன். அது பொய்யா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கரண்டைப் பற்றி நான் எதுவும் படித்ததில்லை.

அவனுக்குத் தாயில்லை, கல்யாணமும் ஆகவில்லை. அவன் பேரில் இருந்தது வீரையனுக்கு வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் என் கணவர் அந்த நிலத்தைத் திருப்பி எழுதிக்கொடுக்கும் காகிதத்தை அவரிடம் நீட்டினார். வீரையனின் கட்டைவிரல் நடுங்கி மை பரவிவிட்டது. இரண்டாம் தடவை நான்தான் அவர் கையைப் பிடித்து வைத்துவிட்டேன். இதையெல்லாம் கணவர் பார்த்துக்கொண்டார். நிலத்தைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. நான் செய்தது முழுக்க அந்தக் காந்தாரத்துக்காக. சேற்றில் இறங்காமல், மறந்துபோகாமல், அது முழுசாக நின்றுவிட்டது. அந்தப் பெரிய வாசிப்புக்காரர்களில் யாருக்கு இப்படி ஒரு முடிவு கிடைக்கும்?

சில சமயம் அதை மனத்துக்குள் கேட்க முயன்றால் செருப்புச் சத்தம்தான் வருகிறது. அதனால்தான் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. மற்றபடி எனக்குத் தூக்கம் சரியாகவே வருகிறது.

“அக்கா.” நீங்கள் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறீர்கள். “என்னக்கா ஒண்ணுமே சொல்லாம உக்காந்திருக்கீங்க. நீங்க பொய் சொல்ல வேணாம். பாத்திருந்தாச் சொல்லுங்க. பாக்கலைன்னா வேணாம். பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் கை ஜில்லென்று இருக்கிறது.

“எனக்குத் தெரியும்க்கா. அவரு கட்டாம விட்டிருக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும். அப்ப வெள்ளிக்கிழம பத்து மணிக்கு வந்துருவீங்கள்ல? நான் டாக்சி வெச்சுக்கிட்டு வர்றேன். ஒரு அர மணி நேரம். அவ்வளவுதான்.”

நான் என் கையை மெதுவாக உருவிக்கொண்டேன். டம்ளரை எடுத்தேன். காப்பியில் ஆடை கட்டியிருந்தது.

“வெள்ளிக்கிழம முடியாது ஜன்னத்,” என்றேன். “அந்த அஞ்சு ஏக்கர்ல நடவு. வருஷா வருஷம் நான் நின்னாத்தான் சரியா வருது.”